ஒரு சொட்டு ரத்தமும் எழுபது நாள் தீவனமும்

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துல டிராஞ்சின்னு ஒரு சின்ன ஊர். அங்கே இருக்கிற அரசு வேளாண் ஆராய்ச்சி மையத்தில் 1993-ல் ஒரு பரிசோதனை தொடங்கினாங்க. ஆங்கஸ் இன மாடுகளை இரண்டு கூட்டமாகப் பிரிச்சாங்க. முதல் கூட்டத்தில், தன் எடைக்கும் வளர்ச்சிக்கும் தேவையானதை விடக் குறைவாகச் சாப்பிடும் மாடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம். இரண்டாவது கூட்டத்தில் அப்படியே தலைகீழ், அதிகமாகச் சாப்பிடும் மாடுகள் மட்டும். ஐந்து வருஷத் தேர்வுக்குப் பிறகு பிறந்த கன்றுகளை வைத்துக் கணக்குப் போட்டு 2001-ல் முடிவை வெளியிட்டாங்க.

ஒரு வயதில் முதல் கூட்டத்தின் சராசரி எடை 384 கிலோ. இரண்டாவது கூட்டம் 381. ஒரு நாளைக்கு ஏறும் எடை 1.44 கிலோ, 1.40 கிலோ. அதாவது கண்ணால் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. ஆனா தீவனம்? முதல் கூட்டம் தினமும் 9.4 கிலோ, இரண்டாவது கூட்டம் 10.6 கிலோ. அந்த 1.2 கிலோ எங்கே போச்சு?

கணக்குப் போட்டுப் பாருங்க. இறைச்சிக்காக மாடுகளைப் பட்டியில் அடைத்துத் தானியம் போட்டுக் கொழுக்க வைக்கும் இடத்துக்கு ஃபீட்லாட்னு பேர். அங்கே ஒரு மாடு 100 நாள் நின்றால் 120 கிலோ தீவனம் கூடுதல். ஆயிரம் மாடு நின்றால் 120 டன். மாட்டு வளர்ப்பில் மிகப் பெரிய செலவே தீவனம்தான். போதாததுக்கு, சாப்பிடும் தீவனம் கூடக் கூட வயிற்றில் உருவாகும் மீத்தேனும் கூடும். மாட்டிறைச்சி அரசியலுக்குள் இந்தக் கட்டுரை போகல. எனக்கு இதில் பிடித்தது ஒரு இன்ஸ்ட்ருமென்டேஷன் கேள்வி: எந்த மாடு 9.4, எந்த மாடு 10.6 என்பதை எழுபது நாள் காத்திருக்காமல், ஒரு சொட்டு ரத்தத்தை வைத்துச் சொல்லிவிட முடியுமா?

முதலில் எதை அளக்கிறோம்னு தெளிவு பண்ணிக்கலாம். எளிமையா யோசித்தால், தின்ன தீவனத்தை ஏறின எடையால் வகுத்தால் போதும்னு தோணும். ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம்? டிராஞ்சியில் அது 6.6, 7.8 என்று வந்தது. கோழிப் பண்ணைக்கு இந்த விகிதம் நல்லாவே வேலை செய்யும். மாட்டில் ஒரு சிக்கல் இருக்கு. இந்த விகிதத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் சிக்கனமான மாடு வருவதற்குப் பதில் வேகமா வளரும் மாடுதான் வரும், ஏன்னா வகுக்கும் எண் அதுதானே. வேகமா வளரும் மாடு பெரிய மாடாகவும் ஆகும். அதன் பெண் கன்றுகள் பெரிய பசுக்களாகி, வருஷம் முழுக்கப் பெரிய வயிற்றோடு மேய்ச்சல் நிலத்தில் நிற்கும். பட்டியில் மிச்சம் பிடிச்சதை மந்தையில் விட்டுடுவோம்.

இதுக்கு 1963-லேயே அமெரிக்காவில் ராபர்ட் காக் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு வழி சொன்னாங்க. நம்ம செகண்ட் இயர் ஸ்டாடிஸ்டிக்ஸ்ல படிச்ச லீனியர் ரிக்ரெஷன்தான். ஒவ்வொரு மாட்டின் எடையையும் தினசரி வளர்ச்சியையும் உள்ளீடாகக் கொடுத்து, அது எவ்வளவு சாப்பிட்டிருக்கணும்னு ஒரு சமன்பாடு போடுங்க. உண்மையில் சாப்பிட்டதிலிருந்து அந்த எதிர்பார்ப்பைக் கழியுங்க. மிச்சம் வருவதற்கு ரெசிடுவல் ஃபீட் இன்டேக், சுருக்கமா ஆர்.எஃப்.ஐ. எதிர்பார்த்ததை விட ஒரு கிலோ குறைவா சாப்பிட்டால் மைனஸ் ஒன்று. மைனஸ்தான் நல்ல மாடு.

லேப் ரிப்போர்ட்டில் கோட்டுக்கு மேலேயும் கீழேயும் சிதறிக் கிடக்கும் புள்ளிகளை நாம 'எரர்'னு எழுதிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிடுவோம். இங்கே அந்தச் சிதறலே சரக்கு. கட்டமைப்பிலேயே எடை, வளர்ச்சி இரண்டையும் கழிச்சாச்சு, அதனால் பெரிய மாடு என்ற காரணத்துக்காக யாருக்கும் மதிப்பெண் கூடாது. இது பெற்றோரிடமிருந்து இறங்கவும் செய்யுது. ஆங்கஸ் மாடுகளில், மாட்டுக்கு மாடு தெரியும் வித்தியாசத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் மரபணு வழி வருதுன்னு கணக்கிட்டிருக்காங்க. பால் உற்பத்திக்குச் சொல்லப்படும் அளவை விட இது மோசமில்லை.

ஆனா ஒண்ணு மனசில் வச்சுக்கணும். ரெசிடுவல் என்றால் நம்ம மாடலுக்குப் புரியாத எல்லாமும் சேர்ந்த மூட்டை. அளவீட்டுப் பிழையும் அதே மூட்டைக்குள்ளதான் இருக்கு. இது பின்னால வரும்.

இப்போ இதை எப்படி அளக்கிறாங்க? தீவனத் தொட்டிக்குக் கீழே லோட் செல். மாட்டின் காதில் ஆர்.எஃப்.ஐ.டி. வில்லை, தொட்டியின் விளிம்பில் ஆன்டெனா. மாடு தலையை உள்ளே விட்டதும் யாருன்னு தெரிஞ்சுடும். வெளியே எடுத்ததும் தொட்டியின் எடை எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு கணக்கு. கனடாவில் உருவான குரோசேஃப் என்ற அமைப்பு இந்த மாதிரி வேலை செய்யுது. ஸ்ட்ரெயின் கேஜ், வீட்ஸ்டோன் பிரிட்ஜ், எல்லாம் நமக்குத் தெரிஞ்ச சாமான்தான். மினி புராஜெக்ட்டா யாராவது பண்ணலாம், மாடு மட்டும் கிடைக்கணும்.

விலை ஒரு பக்கம். காலம்தான் பெரிய தலைவலி. மாடு புதுத் தீவனத்துக்கும் தொட்டிக்கும் பழக 21 நாள், அப்புறம் அசல் சோதனை 70 நாள். ஏன் இவ்வளவு நாள்? தீவனத்தை அளக்க ஐந்து வாரம் போதும். எடை ஏறும் வேகத்தை அளப்பதுதான் கஷ்டம். ஒரு நாளைக்கு ஏறுவது ஒன்றரை கிலோ கூட இல்லை. ஆனா மாட்டின் முதல் வயிறான ரூமனும் குடலும் சேர்ந்து பல பத்து கிலோ புல்லும் தண்ணியும் தாங்கும். தண்ணி குடிச்சுட்டு வந்து தராசில் ஏறினால் ஒரு எடை, சாணி போட்டுட்டு ஏறினால் வேற எடை. நாய்ஸ் அளவு சிக்னலை விடப் பல மடங்கு. ஒரு சரிவை நம்பிச் சொல்லணும்னா நீண்ட நாளைக்குத் திரும்பத் திரும்ப எடை போட்டு அதன் வழியே ஒரு கோடு இழுக்கணும், வேற வழியில்லை.

ஆக ஒரு பண்ணைக்காரர் தன் 200 காளைக் கன்றில் எதைப் பொலிகாளையாக வைப்பது, எதை விற்பதுன்னு முடிவு பண்ண மூன்று மாசம், விலை கூடின தொட்டிகள், தினமும் டேட்டாவைச் சரிபார்க்க ஒரு ஆள். பெரும்பாலான பண்ணைகளுக்கு இது கட்டாது. அங்கேதான் ப்ராக்ஸி தேவைப்படுது. நம்ம கிளாஸில் நடக்கும் அதே ப்ராக்ஸிதான்: வராத ஆளுக்குப் பதிலா இன்னொருத்தன் குரல் கொடுக்கிறது. அளக்க முடியாத ஒன்றுக்குப் பதிலா, அளக்க எளிதான இன்னொன்று 'பிரசன்ட் சார்' சொல்லணும்.

ரத்தம் இதுக்கு ஏன் நல்ல வேட்பாளர்? இங்கே மறுபடி அந்த 1.2 கிலோவுக்குப் போகலாம். டிராஞ்சி மாடுகளை வச்சே அது எங்கே செலவாகுதுன்னு ரிச்சர்ட்சனும் ஹெர்டும் 2004-ல் ஒரு பட்ஜெட் போட்டாங்க. செரிமானத்தில் உள்ள வித்தியாசம் 10 சதவீதம்தான். நடமாட்டம் இன்னொரு 10. சாப்பிட்டதைச் செரிக்கும்போது வெளியேறும் வெப்பம் 9. உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்ற வித்தியாசம் 5. சாப்பிடும் பழக்கம் 2. புரதச் சுழற்சி, திசுக்களின் வளர்சிதை மாற்றம், மன அழுத்தம் இவை சேர்ந்து 37. மீதி 27 மற்றவை, செல் சவ்வில் அயனிகளைத் தள்ளும் வேலை உட்பட.

அந்த 37-ஐக் கொஞ்சம் பார்ப்போம். உடம்பில் இருக்கும் புரதம் கட்டி முடிச்ச வீடு மாதிரி கிடையாது. தினமும் இடிக்கிறாங்க, தினமும் கட்டுறாங்க. ஒவ்வொரு பிணைப்பைக் கட்டவும் ஆற்றல் வேணும். இரண்டு மாட்டில் ஒண்ணு பத்து செங்கல் கட்டி ரெண்டை இடிக்குது, இன்னொன்று இருபது கட்டி பன்னிரண்டை இடிக்குது. நிகர வளர்ச்சி ரெண்டுக்கும் எட்டுதான், தராசு ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆனா கூலி இரண்டு மடங்கு. இந்த மாதிரி உள்வேலை எல்லாம் ரத்தத்தில் ஏதாவது ஒரு தடயம் விடும் என்பதுதான் நம்பிக்கை.

உதாரணமா யூரியா. புரதம் உடையும்போது வரும் நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக மாற்றி ரத்தத்தில் விடும். அதனால் யூரியா அதிகம்னா இடிக்கிற வேலை அதிகம்னு ஒரு ஊகம். சில ஆய்வுகளில் அப்படித்தான் வந்தது. ஆனா தீவனத்தில் புரதம் கூடினாலும் யூரியா கூடும், சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆச்சு என்பதும் அதை மாற்றும். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவதால் தசை எவ்வளவு இருக்குன்னு ஓரளவு சொல்லும். லெப்டின் கொழுப்புத் திசு அனுப்பும் ஹார்மோன், கொழுப்புள்ள மாட்டில் அதிகம். டிராஞ்சி வழி வந்த மாடுகளில் வீண் செலவுக் கூட்டத்தில் அது கூடுதலாக இருந்தது. கார்டிசால் மன அழுத்தத்தைச் சொல்லும்னு எடுத்துக்கிட்டாங்க. ஆனா மாட்டைக் கம்பிக் கூண்டுக்குள் ஓட்டி, தலையைப் பிடிச்சு, கழுத்து ரத்தக்குழாயில் ஊசியைக் குத்தும்போது எந்த மாட்டுக்குத்தான் கார்டிசால் ஏறாது? அளக்கிற செயலே அளவை மாத்திடுது. குளுக்கோஸ் இன்னும் வேடிக்கை. குழாயில் ஃப்ளோரைடு போடாமல் விட்டால், எடுத்த ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களே அதைத் தின்னு தீர்த்துடும். லேப் பக்கத்து ஊரில் இருந்தால் ஒரு ரீடிங், தூரமா இருந்தால் இன்னொரு ரீடிங்.

இந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு பொருள்தான் ஆய்வகத்தைத் தாண்டிச் சந்தைக்குப் போச்சு. ஐ.ஜி.எஃப்-1, அதாவது இன்சுலினைப் போன்ற வளர்ச்சிக் காரணி. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை விடும், அதைக் கேட்டுக் கல்லீரல் ஐ.ஜி.எஃப்-1 செய்யும். வளர்ச்சி ஹார்மோன் விட்டு விட்டுத் துடிப்பாக வரும். ஐந்து நிமிஷம் முன்னே பின்னே ரத்தம் எடுத்தால் எண் தலைகீழா மாறிடும். ஐ.ஜி.எஃப்-1 அப்படியில்லை. அது ரத்தத்தில் வேறு புரதங்களோடு ஒட்டிக்கிட்டு நிதானமாகச் சுற்றும், ஒரு நாளில் பெரிசா ஏறி இறங்காது. ஒரே ஒரு சாம்பிள் எடுத்துப் போதும்னு சொல்ல இது நல்ல குணம். நம்ம பாஷையில் சொன்னால், லோ-பாஸ் ஃபில்டர் போட்ட சிக்னல்.

ஆஸ்திரேலியாவில் முதலில் பன்றி வளர்ப்பில் இதைப் பயன்படுத்தினாங்க. இளம் வயதில் ஐ.ஜி.எஃப்-1 குறைவா இருந்த பன்றிகள் கொழுப்புக் குறைவாகவும் தீவனத்தில் சிக்கனமாகவும் இருந்தது. அப்புறம் மாட்டுக்கு வந்தாங்க. கன்று பால் மறக்கும் வயதில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அட்டையில் வச்சுக் காயவிட்டு, தபாலில் லேபுக்கு அனுப்பினால் போதும். அங்கே எலைசா சோதனை: ஆன்டிபாடி பிடிக்கும், நிறம் மாறும், எவ்வளவு ஒளி உறிஞ்சுதுன்னு பார்த்து அளவைச் சொல்லலாம். பிரைம்குரோ என்ற பேரில் இது விற்பனைக்கு வந்தது. தொட்டியும் வேண்டாம், எழுபது நாளும் வேண்டாம்.

ஆங்கஸ் மாடுகளில் கிடைத்த முடிவு: பால் மறக்கும் வயதில் எடுத்த ஐ.ஜி.எஃப்-1-க்கும் ஆர்.எஃப்.ஐ-க்கும் மரபணு அளவில் கோரிலேஷன் சுமார் 0.4. கூட்டல் குறி. அதாவது ஐ.ஜி.எஃப்-1 குறைஞ்சால் சிக்கனம். வளர்ச்சிக் காரணி குறைவா இருக்கிற கன்று எப்படி நல்ல கன்று ஆகும்னு தலை சுத்துதா? ஆர்.எஃப்.ஐ-யில் வளர்ச்சியை ஏற்கெனவே கழிச்சாச்சு. அதனால் வேகமா வளர்வதற்கு இங்கே பரிசு கிடையாது. மிஞ்சி இருப்பது பசியும் கொழுப்பும் உள்வேலையும்தான். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் குறி சரியாகத்தான் இருக்கு. ஆஸ்திரேலியாவின் தேசிய மரபணு மதிப்பீட்டுத் திட்டமான பிரீட்பிளான், காளைகளின் தீவனச் சிக்கனத்துக்கு மதிப்பெண் போடும்போது இந்த ரத்த எண்ணையும் சேர்த்துக்கிட்டது.

இந்த 0.4 எவ்வளவு பெரிசு? கணக்கு போட்டால் கொஞ்சம் அடக்கம் வரும். ஐ.ஜி.எஃப்-1 அளவிலேயே மரபணு வழி வருவது மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல், சுமார் 0.35. அதன் வர்க்கமூலம் 0.59. அதை 0.4-ஆல் பெருக்கினால் 0.24. ஒரு கன்றின் உண்மையான மரபணு மதிப்பை ஒரு சொட்டு ரத்தம் இந்தத் துல்லியத்தோடுதான் சொல்லும். எழுபது நாள் சோதனையும் கடவுள் வாக்கு இல்லை. 0.4-இன் வர்க்கமூலம், அதாவது 0.63. 200 கன்றில் மேலே உள்ள 40-ஐத் தேர்ந்தெடுக்கிறோம்னு வைங்க. நார்மல் டிஸ்ட்ரிபியூஷனில் மேல் 20 சதவீதத்தின் சராசரி 1.4 ஸ்டாண்டர்ட் டீவியேஷன். தொட்டி வழியா போனால் 0.88 டீவியேஷன் முன்னேற்றம், ரத்தம் வழியா போனால் 0.33. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். செலவோ பல மடங்கு குறைவு. என்னைக் கேட்டால் இது மோசமான பேரமே இல்லை. ரத்தத்தை வச்சு முதலில் ஒரு சலிப்பு, அதில் தேறினதை மட்டும் தொட்டிக்கு அனுப்பலாம்.

பேரம் நிக்கணும்னா அந்த 0.4 நிக்கணும். அது நிக்கல. டேட்டா சேரச் சேர உறவு பலவீனமாச்சு. முக்கியமா, பால் மறந்த இளங்கன்றுகளைச் சோதித்தபோது லேசான கூட்டல் குறி மிஞ்சியது. ஃபீட்லாட்டில் தானியம் தின்னு கொழுக்கும் பருவத்தில் சோதித்த மாடுகளில் குறியே கழித்தலுக்குத் திரும்பியது. அதாவது எந்தக் கன்றை நல்லதுன்னு ஒரு சோதனை சொல்லுதோ, அதையே இன்னொரு வயதில் மோசம்னு சொல்லும் வாய்ப்பு. வெளிநாட்டு மந்தைகளிலும் ஒரே மாதிரி பதில் வரல. கடைசியில் இந்தச் சோதனை தீவனச் சிக்கனத்துக்கான கருவி என்ற இடத்தை இழந்தது.

இதை 'மோசடி'ன்னு சொல்லி முடிச்சால் அது நியாயமில்லைன்னு எனக்குத் தோணுது. முதலில் வந்த எண் பொய் இல்லை. அந்த வயதுக்கு, அந்தத் தீவனத்துக்கு, அந்த மந்தைக்கு அது உண்மை. பால் மறந்த கன்று தசையும் எலும்பும் கட்டிக்கிட்டிருக்கும். ஃபீட்லாட் மாடு கொழுப்புச் சேர்த்துக்கிட்டிருக்கும். அதே ஹார்மோன், ஆனா உடம்பு செய்யும் வேலை வேற. ஐ.ஜி.எஃப்-1 வயது, பாலினம், இனம், தீவனம் எல்லாத்துக்கும் ஆடும். பட்டினி போட்டாலே கீழே விழுந்துடும். மெஷின் லேர்னிங் எடுத்தவங்களுக்கு இது பழகின கதை. ட்ரெய்னிங் டேட்டா ஒரு உலகம், டெஸ்ட் டேட்டா இன்னொரு உலகம்.

அதோட அந்த மூட்டையை மறக்காதீங்க. ஆர்.எஃப்.ஐ என்பது செரிமானம், நடமாட்டம், வெப்பம், புரதம், அயனி, அளவீட்டுப் பிழை எல்லாம் கலந்த ஒரு ரெசிடுவல். அந்தப் பட்ஜெட்டில் மிகப் பெரிய பங்கான 37-கூட ஒரே பொருள் இல்லை, பலது சேர்ந்ததுதான். ஒரே ஒரு ரத்தப் பொருள் இந்த மொத்த மூட்டையையும் சுமக்கணும்னு எதிர்பார்ப்பது, ஒரே ஒரு இன்டர்னல் மார்க்கை வச்சு நாலு வருஷ சி.ஜி.பி.ஏ-வைக் கணிப்பது மாதிரி.

அப்போ ஒண்ணுக்குப் பதிலா நூறு பொருளை ஒரே நேரத்தில் அளந்தால்? மெட்டபாலோமிக்ஸ் என்ற துறை அதைத்தான் செய்யுது, ஒரே சாம்பிளில் நூற்றுக்கணக்கான சிறு மூலக்கூறுகளின் அளவு. ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கத்தில் முடிவுகள் அசத்தலா இருக்கும். நான் முதலில் பார்ப்பது எத்தனை மாடுகள் என்ற எண்ணைத்தான். பல ஆய்வுகளில் அது சில டஜன். அதிலும் நிறைய பேர் மிகச் சிக்கனமான சிலதையும் மிக வீணான சிலதையும் எடுத்துக்கிட்டு நடுவில் இருப்பதை விட்டுடுவாங்க. நூறு பொருளைச் சோதித்தால், எந்தச் சம்பந்தமும் இல்லாவிட்டாலும் 5 சதவீத அளவுகோலில் ஐந்து பொருள் 'முக்கியம்'னு எழுந்து நிற்கும். வேற பண்ணையில், வேற வருஷத்தில் அதே ஐந்தும் எழுந்து நிற்குதா என்பதுதான் கேள்வி.

இதற்கிடையில் ரத்தத்திலிருந்தே இன்னொரு போட்டியாளர் வந்தாச்சு, டி.என்.ஏ. 2009-ல் மாட்டின் முழு மரபணு வரிசை வெளியானது, அதுவும் டாமினெட் என்ற ஹெர்ஃபோர்டு இனப் பசுவை அடிப்படையா வச்சு. அதன் பிறகு ஒரே சிப்பில் பல்லாயிரம் மரபணுப் புள்ளிகளைப் படிக்க முடிஞ்சது. ஹார்மோன் மாதிரி இது வயதுக்கும் தீவனத்துக்கும் ஆடாது, ஊசியைப் பார்த்து ஏறாது. கன்று பிறந்த அன்றே எடுத்தாலும் அதே எண். பண்ணைகளுக்கு இன்று விற்கப்படும் தீவனச் சிக்கன மதிப்பெண்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருது.

ஆனா அந்த மரபணுப் புள்ளிகளில் எது நல்லது எது கெட்டதுன்னு மாடலுக்குச் சொல்லிக் கொடுக்க, ஆயிரக்கணக்கான மாடுகளின் உண்மையான தீவன எண்ணிக்கை வேணும். தலைமுறை மாற மாற அதைப் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கணும், ஒரு இனத்துக்குக் கற்றது இன்னொரு இனத்துக்குச் சரியாகப் பொருந்தாது. அதனால் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் இன்னும் மாடுகள் காதில் வில்லையோடு வரிசையா வந்து லோட் செல் மேலே இருக்கும் தொட்டிக்குள் தலையை விட்டுக்கிட்டுதான் இருக்கு. சோதனையை எழுபது நாளிலிருந்து குறைக்க முடியுமா என்ற ஆராய்ச்சியும் ஓடுது. தொட்டிக்குப் போற வழியில் தண்ணித் தொட்டி முன்னாடி ஒரு எடை மேடையை வச்சு, தண்ணி குடிக்க வரும்போதெல்லாம் முன்னங்கால் எடையை எடுத்தால், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கூண்டில் ஏத்தி எடுக்கும் எடைக்குப் பதிலா ஒரு நாளைக்குப் பல எடை கிடைக்கும். அவ்வளவு புள்ளி இருந்தால் சரிவைக் கண்டுபிடிக்க எழுபது நாள் வேண்டியதில்லை.